வட்டின் வாயிலில் வெட்டிப் பேச்சு

பள்ளிக்கூடத்து ஆசிரியை வேலையிலிருந்து நான் விலக்கப்பட்டதற்கு, தலைமையாசிரியையின் சுற்றறிக்கை ஒன்றைச் சிவப்பு மையால் திருத்தி, அறிவிப்புப் பலகையிலேயே மீண்டும் ஒட்டியது காரணம். தமிழ் இலக்கணம் கற்றவளுக்கு அதற்குமேல் அந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. எறணாகுளத்தில் மாலை வகுப்பொன்றில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, எண்பதுகளின் நடுவில், மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் சேர்ந்தேன். கணினி ஒரு பிழையைக்கூடப் பொறுக்காது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒருவழியாக என் குணத்துக்கு ஏற்ற துணை அமைந்தது என மகிழ்ந்தேன்.

அந்தத் துணை, சேர்ந்த சில நாளிலேயே என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. கப்பலுக்குரிய தாள்களை அச்சிடும்படி ஏவினால் சற்று நேரம் முனகும். பிறகு உறைந்து நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. மின்சாரத்தை அணைத்து மறுபடி போட்டால்தான் உயிர் வரும். சில நாள் ஒழுங்காக நடக்கும்; சில நாள் காலையிலேயே நின்றுவிடும்.

முதலாளி, பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பத்தவர். என் பழைய தொழிலை அறிந்த நாள்முதல் வேறு பெயரால் என்னை அழைத்ததில்லை.

"எந்தா டீச்சரே, இது கம்ப்யூட்டரா, கோயில் விக்கிரகமா? தொழுதா அசையுமோ?"

"மிளகுத் தூசி உள்ளே போயிருக்கிறது" என்றேன். உறுதியாகத் தெரிந்தவளைப் போலச் சொன்னேன்.

கிடங்கை நோக்கிய சன்னல்களை அடைத்தேன். செருப்பை வெளியே கழற்ற ஆணையிட்டேன். கணினிக்கு மெல்லிய துணியால் போர்வை தைத்தேன். காயலிலிருந்து காற்று வர வழியில்லாமல் நாங்கள் அந்த அறையில் வெந்தோம். கணினி மட்டும் போர்வைக்குள் முன்போலவே உறைந்தது. தட்டச்சுப் பணியிலிருந்த பெண் என்னைவிட இளையவள், அச்சமென்பதே அறியாதவள்.

"சேச்சி, அதுக்குக் குளிர் காய்ச்சலா? கம்பளி வேணுமா?"

அதற்குள் பம்பாயிலிருந்து முதலாளியின் அண்ணன் வருவதாகச் செய்தி வந்தது. நிறுவனத்தில் முடிவு சொல்பவர் அவரே. "அண்ணன் முன்னால இது நின்னுதுன்னா திருப்பி அனுப்பிடுவார், டீச்சரே. மெஷின் போனா பின்னே உங்களுக்கு இங்க என்ன ஜோலி?" என்றார் முதலாளி, வருத்தத்துடன். வருத்தத்துடன் சொன்னதால்தான் எனக்கு அச்சம் வந்தது. திரும்பிப்போக எனக்கு ஒரு பள்ளிக்கூடமும் இல்லை.

தூசியை விட்டுவிட்டு நிரலுக்குள் இறங்கினேன். கணினிக்கும், கணக்குகளைச் சேமித்துவைக்கும் வட்டுக்கும் நடுவே நின்று ஏவலும் விடையும் பரிமாறும் சிறு நிரல் ஒன்று உண்டு, டிரைவர் என்பார்கள். 'இதை எழுது' என்று அது வட்டுக்குச் சொல்லும்; 'எழுதியாயிற்று' என்னும் விடைக்குக் காத்திருக்கும். விடை வராவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும். நம் கணினி அங்கேதான் நிற்கிறதா என்றறிய, ஏவலுக்குச் சற்று முன்னால் திரையில் ஒரு வாக்கியம் தோன்றுமாறு செய்தேன். தமிழ் எழுத்து அந்தத் திரைக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைக் கோக்க நேர்ந்த இழிவைச் சொல்லழகால் ஈடுசெய்ய எண்ணி, 'வட்டின் வாயிலை அடைந்து விடைக்குக் காத்து நிற்கின்றேன்' என்று எழுதினேன்.

கணினி நிற்கவில்லை. நாள் முழுதும் ஓடியது. திரையோ வாயிலை அடைந்து அடைந்து நிரம்பி வழிந்தது.

முதலாளிக்குப் பேரானந்தம். "பாத்தீங்களா, இப்பத்தான் நாலு வார்த்தை பேசுது!"

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேலையும் செய்யாத வாக்கியம் இருப்பதால் ஒரு நிரல் எப்படித் திருந்தும்? வாக்கியத்தை எடுத்தேன், கணினி நின்றது. மறுபடி சேர்த்தேன், ஓடியது. செய்வதறியாமல், எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன்; வாக்கியத்தைச் செப்பனிட்டேன். 'வட்டின் வாயிலை அடைந்தேன்' என்று சுருக்கினேன், ஓடியது. 'அடைந்தேன்' என்றேன், எப்போதாவது நின்றது. ஓரெழுத்து மட்டும் வைத்தேன், அடிக்கடி நின்றது. என் உரைநடை செறியச் செறியக் கணினி நலிந்தது.

"சேச்சி எழுதினத விட சேச்சி அழிச்சதுதான் அதிகம்" என்றாள் தட்டச்சுப் பெண்.

கடைசியில், ஒரு சொல்லும் இல்லாமல், நீண்ட வரிசையாக வெற்றிடங்களை மட்டும் திரைக்கு அனுப்பினேன். கணினி குறையின்றி ஓடியது. ஆக, சொல்லுக்கு அங்கே வேலையில்லை. சொல்வதற்குப் பிடிக்கும் நேரத்துக்கே வேலை. வட்டின்மேல் எழுதும் முள் ஓரிடத்திலிருந்து தொலைவான இடத்துக்குத் தாவி, நடுக்கம் அடங்கி நிலைகொள்ளச் சற்றுப் பொழுது வேண்டும். அதற்குள் ஏவினால் வட்டு அதைக் கேட்பதில்லை. கேளாத ஏவலுக்கு விடையும் தருவதில்லை.

அந்தப் பொழுதை இந்நிரலை எழுதியவர் மறந்துவிட்டாரா என்று அவரை மனத்துக்குள் வையத் தொடங்கியபோதுதான் நினைவு வந்தது. மறக்கவில்லை. ஓர் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துச் சுழியத்துக்கு வந்து, அந்தச் சுழியத்தை எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் வரிகள் சில அதில் இருந்தன; அந்த எண்ணுதலே அந்தப் பொழுதைக் கழிக்கத்தான். மிகைபடக் கூறல் குற்றமென்று பாடம் கேட்டவள், வேலையில் சேர்ந்த வாரமே அவற்றை நீக்கி, நிரலைத் தூய்மை செய்துவிட்டதாக முதலாளியிடம் பெருமையும் பேசியிருந்தேன்.

வரிகளைத் திரும்ப வைத்தேன், வெற்றிடங்களை நீக்கினேன். கணினி ஓசையின்றி, சொல்லின்றி, மிக அழகாக இயங்கியது. அண்ணன் வந்தார், திரைமுன் அமர்ந்தார். தட்டச்சுப் பெண் ஏவல் கொடுத்தாள். வட்டு தன் பணியைத் தொடங்கியது. திரை வெறுமையாக இருந்தது. முதலாளி எழுந்து திரையருகே வந்தார்.

"ஒண்ணும் பறையலையே டீச்சரே... நின்னுபோச்சு!" என்றவர், நான் வாய் திறக்குமுன் பாய்ந்து மின்சாரத்தை அணைத்துவிட்டார்.

"நிற்கவில்லை ஐயா. வேலை செய்துகொண்டிருந்தது."

"பேசாம வேலை செய்யறதை நான் எப்படி நம்பறது?"

முன்பு திரையில் ஓடிய வாக்கியத்தையும் அது வந்த கதையையும் சொன்னேன். அண்ணன் சிரித்தார். "தம்பி சின்னதுலேர்ந்தே இப்படித்தான். அது பேசட்டும் டீச்சர். மெஷினும் இருக்கட்டும், நீங்களும் இருங்கோ. ஆனா என்ன பேசுதுன்னு இவனுக்கு மனசிலாகணும். வட்டு, வாயில் ஒண்ணும் வேண்டா."

வேலை தப்பியது. புதிய வாக்கியத்தைத் தட்டச்சுப் பெண் சொல்லச்சொல்ல நான் எழுதினேன்: 'தோ வரேன், கொறச்சு இரி', அதாவது சற்றுப் பொறு. என் வாழ்நாளில் அப்படியொன்றை எழுதியதில்லை. இறுதியில் ஒரு முற்றுப்புள்ளியாவது வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வேண்டா டீச்சரே. முடிஞ்சுதுன்னு நெனச்சு ஸ்விட்ச்சை அணைச்சிருவேன்."