அத்தை சொன்ன கனடா டாக்டர் கதை

எங்கள் அத்தைக்கு ஏபிசிடிகூட முழுதாகத் தெரியாது. ஆனாலும் பசுமலையில், பக்கத்து பாய் வீட்டு டிவியில் ஓடிய ஆங்கிலத் தொடருக்கு எனக்குக் கதை சொன்னது அவள்தான். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். அவரிடம் கேட்டால் கூடவே இலக்கணமும் வரும் என்பதால் நான் அத்தையையே நம்பினேன்.

கனடா நாட்டில் எப்போதோ எடுத்த பழைய தொடர் அது. அதில் வரும் டாக்டர் யாருக்கும் ஊசி போடுவதில்லை. செத்தவர்களைப் பரிசோதித்து, எப்படிச் செத்தார்கள், யார் காரணம் என்று கண்டுபிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அத்தையும் நானும் பாய் வீட்டுக் கூடத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவோம். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, கோபித்துக்கொண்டு வந்திருந்த அத்தைதான் எனக்கு இருந்த ஒரே துணை.

அத்தையின் கதையில் செத்தது எப்போதும் ஒரு பெண்தான். "மருமகளே, இவளுக்குப் புருசன் வீட்டுல சோறு போடல. அடி வேற. டாக்டரு கையப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாரு பாரு" என்பாள். டிவியில் மேசைமேல் தாடிக்காரக் கிழவர் ஒருவர் கிடப்பார்.

ஒருமுறை அப்பாவும் வந்திருந்தார். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அது கப்பல்ல வேலை பாத்த ஆளு தாயி. இவ வாய்க்கு வந்ததெல்லாம் அளந்து விடுறா."

அத்தையும் சிரித்தாள். பிறகு, "அண்ணே, செத்தப்புறந்தான் இந்த டாக்டரு வருவாரா?" என்று கேட்டாள். அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "செத்தவுகளுக்குத்தான் அத்தை அந்த டாக்டரு!" இதுகூடத் தெரியவில்லையே இவளுக்கு என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரமே அத்தையை அழைத்துப்போக மாமா வந்தார், பூவும் ஒரு சீப்புப் பழமுமாக. பொம்பளைப் பிள்ளை எம்புட்டு நாளைக்குத்தான் பிறந்த வீட்டில் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போயிட்டு வா. எல்லாம் சரியாப் போகும்" என்றார் அப்பா.

அதன்பின் வீடு வெறிச்சோடிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார், ஒன்றும் புரியவில்லை. இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று அத்தைமேல் கோபம்கூட வந்தது.

மழைக்காலத்தில் சேதி வந்தது. வயிற்று வலியாம், அத்தை போய்விட்டாளாம். எல்லோரும் வாடிப்பட்டிக்கு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

"டாக்டரு பாத்தாராப்பா?" என்று கேட்டேன்.

"டாக்டரு வந்தா போலீசும் வரும். சும்மா கெட" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தீட்டுக் கழிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா தானாகவே என் கையைப் பிடித்துப் பாய் வீட்டுக்கு அழைத்துப் போனார். அத்தை உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மேசையில் உண்மையிலேயே ஒரு பெண் கிடந்தாள். டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்னப்பா சொல்றாரு?"

நான் அப்பாவின் தொடையைத் தட்டி மறுபடியும் கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை. இவ்வளவு படித்தவருக்கும் கனடாக்காரர் பேசுகிற ஆங்கிலம் புரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.