அழித்தபின் நான்கு கிலோமீட்டர்

நான்கு கிலோமீட்டர். புகைப் பரிசோதனை நிலையத்தின் திரையில் வந்த அந்த எண்ணை ஸ்கேனர் மறுபடியும் படித்தார். வீட்டிலிருந்து நிலையத்துக்கு உள்ள தூரமும் அதேதான்.

காரில் எஞ்சின் விளக்கு எரிந்தால், கருவியைச் செருகி, என்ன பழுதுக் குறி, எதனால் என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். அதனால் தெருவுக்கே அவர் ‘ஸ்கேனர்’. வேலை, மனைவியின் அண்ணனுடைய ஷெட்டில். குடித்தனம் அதே ஷெட்டின் மாடியில். மாடிப்படி ஷெட்டுக்குள்தான் இறங்குகிறது. வேறு வாசல் கிடையாது. கீழே கம்ப்ரசர் ஓடினால் மேலே தட்டுகள் ஆடும். பல் தேய்க்கும்போதே கீழேயிருந்து மச்சானின் குரல் வரும்: “மாப்பிள்ளை, இன்னும் விடியலையா?”

மச்சானுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: குறியை அழி, காரை அனுப்பு. விளக்கு அணைந்த சந்தோஷத்தில் போகிறவர் அடுத்த வாரம் கடுகடுவென்று திரும்புவார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது ஸ்கேனர்.

வெளியேற ஒரு வழி வந்தது. ஒரு வாடகைக் கார் நிறுவனம், தன் கார்கள் நிற்கும் இடத்துக்கே போய்ப் பழுது பார்க்க ஆள் தேடியது. சொந்தக் கார் வேண்டும். அதற்கு இந்த வாரத்துக்குள் புகைச் சான்றிதழும் வேண்டும். ஸ்கேனரின் பழைய காரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது குறி.

“சென்சாரை மாத்துங்க,” என்றார் மச்சான்.

ஸ்கேனர் மாற்றவில்லை. உள்ளே புகையைச் செலுத்திப் பார்த்தார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாயின் கீறலில் அது நூலாகக் கசிந்தது. குழாயை மாற்றி, குறியை அழித்தார். அழித்துவிட்டால் காரின் கணினி எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கும்; பல நாள் ஓட்டிய பிறகே ‘தயார்’ என்று காட்டும்; அப்போதுதான் சான்றிதழ். அதற்காகவே வாரம் முழுக்க வேலை முடிந்ததும் நெடுஞ்சாலைக்குப் போய் வந்தார். நேற்று எல்லாம் தயார்.

“என்ன அண்ணே, உங்களுக்கே நான் பாடம் எடுக்கணுமா?” என்றார் நிலையத்துப் பரிசோதகர், திரையைக் காட்டி. “இப்பதான் குறியை அழிச்சிருக்கீங்க. அழிச்சபிறகு நாலு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஒண்ணுமே தயாராகல. ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க.”

திரும்பி வந்தபோது மனைவி படியில் காத்திருந்தாள்.

“ஏங்க, பாஸா? நீங்க குளிக்கப் போனப்ப வெளியில கழுவி, உள்ளேயும் அழிச்சு வச்சேன்.”

“யார் சொன்னா?”

“அண்ணன்தான். பரிசோதனைக்குப் போற வண்டி, எல்லாத்தையும் துடைச்சு வைன்னார். தினம் நீங்க பண்றதுதானே, உங்க கருவியில ரெண்டு பட்டன்.”

அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் கத்தவும் முடியவில்லை.

டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மச்சான் நிமிரவில்லை. “எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை? மெஷினெல்லாம் உங்க இலாகா. விடுங்க, ஊர் ஊரா வெயில்ல அலையணுமா? இங்க என்ன குறைச்சல்?”

“எங்க வீட்டுப் படி உங்க ஷெட்டுக்குள்ள இறங்குது, மச்சான்.”

“அதுக்கு வாடகை கேட்டேனா?”

மனைவி அண்ணனைப் பார்த்தாள்; பிறகு கணவனைப் பார்த்தாள். பெருமை வடிந்துபோயிருந்தது. படியேறி மேலே போனாள்.

நிறுவனம் திங்கட்கிழமை வேறோர் ஆளைச் சேர்த்துக்கொள்கிறது. அன்று காலை ஷெட்டின் ஷட்டரைத் தூக்கப்போவது ஸ்கேனர்தான்.