மகளின் பெயர்

ஊர்காவற்றுறையில் வீடியோ கேம் பெட்டிகள் திருத்தும் என் கடைக்கு, அனலைதீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளி பழைய பெட்டியொன்றோடு வந்தார். வாய் திறக்குமுன் கைகளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"சீடி ஓடுதில்லை, தம்பி, ஒருக்காப் பாரும்."

எந்த சீடியையும் ஓடவைக்கும் சிப் ஒன்றைப் பொருத்தினேன். அவரைக் கேட்காமலே உள்ளே சேமித்திருந்த ஆட்டங்களையெல்லாம் அழித்துப் புதிதாக்கினேன்.

பெட்டியைப் போட்டுக் காட்டியபோது திரையில் எதையோ தேடினார்.

"மகள் விளையாடின இடத்தில அவளின்ர பேர் கிடந்தது."

"மகளைத் திரும்பவும் விளையாடச் சொல்லுங்கோ, அண்ணை."

"போன மாரியில காய்ச்சல் வந்து செத்துப்போனாள்."

"உள்ள இருந்ததெல்லாத்தையும் நான் அழிச்சுப்போட்டன், அண்ணை" என்றேன். "நான் முதலே சொல்லேல்லைத்தானே, நீர் என்ன செய்வீர்?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் படகுக்கு நடந்தார்.