மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

அந்தச் சனிக்கிழமை காலை என் கைப்பேசியில் இருந்தது ஒரே ஒரு குரல் செய்தி. முந்தின நாள் ஒரு விடுதிக்காரர் அனுப்பியது. "பிரதர், மோஸ்ட்லி நீங்கதான். பாண்டிக்கு வந்துடுங்க, கன்ஃபர்ம் பண்ணிச் சொல்றேன்." பாண்டிச்சேரிக்கு வெளியே கடலோரமாக ஒரு சின்ன விடுதி. அன்று சாயங்காலம் ஏழு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டுகளைப் போட ஒரு டிஜே வேண்டுமாம்.

இந்தத் தொழிலில் 'மோஸ்ட்லி' என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதே செய்தி இன்னொருவனுக்கும் போயிருக்கும். யார் முதலில் வந்து வயரைச் செருகுகிறானோ அவன் வாசிப்பான். மற்றவனுக்கு ஒரு ஜூஸ் கொடுத்து, அடுத்த முறை பார்க்கலாம் என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார்கள். நானே இரண்டு முறை அந்த ஜூஸைக் குடித்திருக்கிறேன். இரண்டு முறையும் சர்க்கரை அதிகம்.

ரெகே எனக்குப் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் அடிக்கிற இடத்தில் சும்மா இருந்துவிட்டு, சும்மா இருக்கிற இடத்தில் அடிக்கிற தாளம் அது. திருப்பதியில் அதைக் கேட்க ஓர் ஆள் கிடையாது. ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை வேலை, திருப்பதியில் வாடகை அறை, காதில் ஹெட்போன். ஒருமுறை சித்தூரில் எங்கள் கோயில் வாலிபர் கூட்டத்தில் ஒரு கீர்த்தனைக்குக் கீழே ரெகேயின் அந்தக் கனத்த பேஸ் ஒலியைப் போட்டுக் காட்டினேன். எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம். ஐயர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். ஆகவே கடற்கரையில், கேட்க வந்தவர்கள் முன்னால் இரண்டு மணி நேரம் என்றால் என் பைத்தியம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று ஐயர் கேட்பார். முதல் இரண்டு வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் ஓலைக்கு மட்டும் மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சிலும், பெண் எதிர்ப்பக்கம் முதல் பெஞ்சிலும் உட்கார்ந்தாக வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அந்த பெஞ்சு காலியாக இருந்தால் சபை அதையே தடையாக எடுத்துக்கொள்ளும்.

நான் கட்டவிருந்த பெண் அந்தக் காலி பெஞ்சை ஒருமுறை பார்த்தவள். இரண்டு வருடம் முன்னால் வேறொருவனோடு அவளுக்கு ஓலை வாசித்தார்கள். மூன்றாம் வாரம் அவன் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். மறுநாளே வகுப்புக்குப் போய் நின்றிருக்கிறாள். எங்களுக்கு நிச்சயம் ஆன அன்றைக்கு இதைச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாரும் அந்தக் காலி எடத்தையே பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு இன்னொரு வாட்டி அது வேணாம். மூணாம் ஓலைக்கு முந்தின நாளு எங்கனா போறதா இருந்தா போங்க. ஆனா எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து இறங்கினேன். விடுதிக்காரருக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மனசு கணக்குப் போட்டது. இரவு ஒன்பது மணிக்கு முடிந்ததும் கிளம்பினால் விடியும்போது வேலூர், ஆராதனைக்கு முன்னால் சித்தூர். ஒரு பஸ் தவறினாலும் எல்லாம் போச்சு. கை மட்டும் அது பாட்டுக்கு டிஜே கண்ட்ரோலரைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. உறுதியாகாத ஒன்றுக்காக அவள் மனசை எதற்குக் கலைக்க வேண்டும், உறுதியானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே நல்லவனாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேலூர் பஸ் சித்தூர் வழியாகத்தான் போகும். டிக்கெட்டை வேலூருக்கே வாங்கினேன், வேண்டாம் என்றால் சித்தூரில் இறங்கிக்கொள்ளலாம் என்று. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றது. எங்கள் சபை ஆட்கள் யாராவது ஏறிவிடுவார்களோ என்று ஜன்னல் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் ஏறவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. யாராவது ஏறி, "நாளைக்கு ஓலைய வெச்சிக்கினு எங்கப்பா போய்க்கினு கீற?" என்று கேட்டிருந்தால் வெட்கத்துக்காவது இறங்கியிருப்பேன். கண்டக்டர் விசில் அடித்தார். செக்போஸ்ட் தாண்டி கடைப் பலகைகளில் தெலுங்கு போய்த் தமிழ் வந்ததும், செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன் என்று திட்டவட்டமாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

வேலூரில் இறங்கி, பாண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும்போது அவள் கூப்பிட்டாள்.

"எங்க கீறீங்க?"

"ரூம்ல. இப்பதான் எழுந்தேன்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கூவினார்: "ஆரணி, செஞ்சி, திண்டிவனம், பாண்டி! பாண்டி ஏறு!" திருப்பதியில் யாரும் ஆரணிக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள். அதுவும் தமிழில்.

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

திரும்பக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டே பாண்டி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது விடுதிக்காரரின் செய்தி வந்தது. இன்னொருவர் வந்து சேர்ந்துவிட்டாராம், அடுத்த முறை நிச்சயம் எனக்குத்தானாம். காலை எடுத்தேன். வெட்கங்கெட்ட மாதிரி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தப்பித்தோம், கண்டக்டர் கூவியது அவளுக்குக் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டே சாயங்காலம் சித்தூர் வந்து சேர்ந்தேன்.

ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னால் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் அவள் வந்து உட்கார்ந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஐயர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த அமைதியில் பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்குத்தான் தடை இருக்குது, ஐயரே," என்றாள். வகுப்பில் பேசுகிற குரல்.

ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய சின்ன அறைக்கு ஐயர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டு பேசினேன். பாண்டியில் பாட்டுப் போடக் கூப்பிட்டவர்கள் கன்ஃபர்ம் பண்ணவில்லை, அங்கே போகாமல் வேலூரோடு திரும்பிவிட்டேன், இதோ எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தேனே என்றேன். எனக்கே அது குழந்தை பேசுகிற மாதிரி இருந்தது.

"அவங்க கன்ஃபர்ம் பண்ணியிருந்தா?" என்று கேட்டாள்.

"போயிட்டு காலையில வந்திருப்பேன். நிச்சயமா வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க. எங்கிட்ட எப்போ சொல்லியிருப்பீங்க?"

அவள் நிஜமாகவே பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஐயருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வெளியே நின்ற தன் அப்பாவோடு போய்விட்டாள்.

பதில் என்னிடம் இருந்தது. சொல்லியிருக்கவே மாட்டேன். அதையாவது அன்றைக்கு அவளிடம் உண்மையாகச் சொல்லியிருக்கலாம்.