உறவு: இல்லை

கலை, வரலாறு, இலக்கியம் எல்லாவற்றையும் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் முதுகலைப் படிப்பு நான் படித்தது. என்ன படிக்கிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்துவிடும்.

கடைசித் தேர்வுக்குத் தாள் கிடையாது. பொதுமக்கள் இருபது பேரையாவது கூட்டிக்கொண்டுபோய் ஒரு வரலாற்று இடத்தை விளக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பேராசிரியை மதிப்பெண் போடுவார். உறவினர் இருந்தால் செல்லாது. எங்கள் ஊரான செஞ்சியில் எனக்கு உறவில்லாத இருபது பேரைத் தேடுவதைவிடக் கோட்டையை இன்னொரு முறை கட்டிவிடலாம்.

நான் செஞ்சிக் கோட்டையைத் தேர்ந்தெடுத்து, பஸ் ஸ்டாண்டு முழுக்க நோட்டீஸ் ஒட்டினேன். தேர்வன்று காலை ஒன்பது மணிக்கு வந்திருந்த பொதுமக்கள் இரண்டு குரங்குகள். பேராசிரியை திண்டிவனம் தாண்டிவிட்டதாகப் போன் செய்தார். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா அதே கோட்டையில் தினக்கூலிக்குப் புல் வெட்டுகிறவள். அன்று அவர்களுக்கு விடுமுறை. கூட வேலை செய்யும் பெண்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கட்சிக் கூட்டங்களுக்குக் கூலிக்குப் போய்ப் பழகியவர்கள், ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: "இன்னா கலர் சேல கட்டிகினு வர்றது?"

ஷேர் ஆட்டோக்களில் பத்தொன்பது பேர் வந்தார்கள். இருபதாவது ஆள் அம்மா. ஆளுக்கொரு சீட்டு, அதில் 'மாணவருடன் உறவு' என்று ஒரு கட்டம். இருபதிலும் 'இல்லை' என்று நானே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அம்மா சீட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் முன்னால் நின்று பேசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் கைதட்டினார்கள். பேராசிரியைக்குப் பரம திருப்தி. முடிவில் ஒருவரிடம் கருத்துக் கேட்க வேண்டுமே. அத்தனை பேரில் அவர் கை காட்டியது அம்மாவை.

"பதினோரு வருசமா இங்க குனிஞ்சி பில்லு வெட்டறேம்மா. நிமுந்து பாத்தது இன்னிக்குத்தான்."

பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியே அழைத்து, இந்த அம்மாளை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். களப்பணியில் கிடைத்தவர் என்றேன். சொல்லும்போதே எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் திருத்திச் சொல்லவில்லை. அந்த வருடம் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

திரும்பும்போது நானும் ஏறிய ஆட்டோவில் ஒரு பெண் அம்மாவிடம் கேட்டாள்: "அந்த டீச்சரம்மா உங்கிட்டதான கேட்டுச்சி, எம் பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவதான் இல்லன்னு எழுதியிருந்தாளே."

அம்மா அஞ்சாவது வரை படித்தவள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.