மூணு முந்தானைப் படம்

என் மருமகள் போனில் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு படத்தைத் தொடுவாள். எங்கள் காலத்தில் நட்சத்திரம் கிடையாது, முந்தானைதான்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். டூரிங் கொட்டாயில் படம் மாறினால் போதும், என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, முதல் ஆளாகப் பார்த்துவிட்டு வந்து நடவில் நிற்கிற பொம்பளைகளுக்குத் தீர்ப்புச் சொல்லுவாள். கண்ணைத் துடைக்க ஒரு முந்தானை போதும் என்றால் படம் சுமார். இரண்டு என்றால் போகலாம். மூன்று என்றால் அரைநாள் களையெடுப்பை விட்டாவது போகவேண்டும். அவள் சொல் தப்பியதே இல்லை. ஒரே ஒரு தடவை பொய் சொன்னாள். அந்தப் பொய்க்கு என் வாயைத்தான் இரவல் வாங்கிக்கொண்டாள்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். என் தம்பி பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டான். பேர் வைக்காத பிள்ளைக்கு அழுதால் அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் அழவில்லை. சோறு ஆக்கினாள், மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். தன் தட்டுச் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு நாய்க்கு வைத்தாள். ஒரு மாதம் இப்படியே போயிற்று. நான் கோணல் மூஞ்சி காட்டினேன், நொண்டி ஆடினேன். அம்மா சிரிக்கவே இல்லை.

ஒருநாள் தப்பட்டை அடித்துக்கொண்டு சினிமா வண்டி வந்தது. அத்தை ஒரு நோட்டீசோடு உள்ளே நுழைந்தாள்.

"அண்ணி, புதுப் படம் வந்துக்குது. வா, போலாம்."

"உன் மூணு முந்தானையை நீயே நனைச்சுக்கினு வா. என்னை வுடு."

"யார் சொன்னது? இது சிரிப்புப் படம். என்னை நம்பலன்னா உம் பொண்ணு படிக்கட்டும். இன்னாடி போட்டுக்குது, படி!"

வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கர்வம் இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. பெரிய எழுத்தில் விரலை வைத்தேன்.

"சி... ரி... க்க... சிரிக்க வை... க்கும். சிரிக்க வைக்கும்!"

அடுத்த வார்த்தைக்கு விரல் நகருவதற்குள் அத்தை நோட்டீசைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "போதும்டி. கேட்டியா அண்ணி?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நெசமாவா எழுதிக்குது?"

"ஆமாம்மா. நானே படிச்சேன்."

என் படிப்பை நம்பி அம்மா புடவை மாற்றினாள்.

பொழுது சாய முதல் ஆட்டம். பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். வேர்க்கடலைக்கு அத்தையின் பையில் கை விட்டேன். அடியில் அப்பாவின் பழைய வேட்டி கிழித்து மடித்திருந்தது.

"இது எதுக்கு அத்தை? கை தொடைக்கவா?"

"ஆமா, கம்முனு குந்து."

பாதிப் படம் வரைக்கும் சிரிப்புதான். அம்மாவின் உதடுகூட ஒரு தடவை அசைந்தது. நான் அத்தையின் விலாவில் இடித்தேன். இடைவேளைக்குப் பிறகு திரையில் ஆள் இல்லாத தூளி ஒன்று ஆடியது. அம்மா இருமுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு மாரில் அடித்துக்கொண்டு, 'என் சாமி, என் சாமி' என்று ஓவென்று அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மணலில் இருந்த அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் திரையைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்து, துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"சிரிப்புப் படம்னியே!" என்று அவள் கையைக் கடித்தேன். பல் பதிந்தது. அத்தை கையை இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "காலையில வச்ச கொழம்பு மீந்துக்குதா?" என்று கேட்டாள். வட்டிலில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அத்தை அவிழ்த்துப் போட்ட புடவையில் அந்த நோட்டீசைத் தேடி எடுத்து, அடுத்த வார்த்தையைக் கூட்டினேன். அ... ழ... அழவைக்கும்! எழுத்தே தெரியாத அத்தை எப்படிச் சரியாக அந்த இடத்தில் பிடுங்கினாள்? மூங்கில்துறைப்பட்டுக்குக் கரும்பு வெட்டப் போனபோதே அந்தப் படத்தை அவள் பார்த்துவிட்டாள், சிரிப்புக்கு அடுத்தது அழுகை என்பது அவளுக்குத் தெரியும் என்று பிற்பாடுதான் தெரியவந்தது.

மறுநாள் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்க அத்தை பேச்சைக் கேட்டு யாரும் படத்துக்குப் போகாதீங்க, அது பொய்க்காரி. சிரித்தார்களே தவிர ஒருத்தரும் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து அம்மா தலை வாரிக்கொண்டே அத்தையிடம் கேட்டாள்.

"ஏம்மா, அந்தச் சிரிப்புப் படம் இன்னும் ஓடுதா?"

"ஓடுது அண்ணி."

துவைத்து மடித்திருந்த வேட்டித் துணியை அம்மாவே பையில் வைத்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு கத்தினேன். "அம்மா, போகாதே! அது அழுவுற படம்! நோட்டீசுல போட்டுக்குது, நான் முழுசா படிச்சுட்டேன்!"

"சரிடி, நீ வூட்டைப் பார்த்துக்க" என்று அம்மா என்னை ஓரமாக நகர்த்தினாள். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச வேகமாக நடந்து போனார்கள்.

நான் போகவில்லை. தெரிந்தே இரண்டாம் தடவை ஏமாறுவதற்கு நான் என்ன எழுத்துத் தெரியாதவளா?