கண்ணாடி இறக்காத கார்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இன்றைக்குத் திருநெல்வேலியில் பதினேழு வாடகைக் கார் என் பெயரில் ஓடுகிறது. பதினேழும் ஏசி. எந்தப் புத்தகத்தைப் படித்தும் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வண்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்து வந்தால் போதும், அது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று சொல்லிவிடுவேன். பட்டறைக்காரர்களே வாயடைத்துப் போயிருக்கிறார்கள். என்னிடம் வேலைக்கு வரும் டிரைவர்களுக்கு ஒரே சட்டம்தான்: உள்ளே ஆள் இருக்கும்போது ஏசியை அணைக்கக் கூடாது. எண்ணெய் மிச்சம் பிடித்துக் காட்டுகிறேன் என்று அணைத்தவனிடம் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். கோட்டிக்கார முதலாளி, கிறுக்குப் பிடித்தவன் என்று பின்னால் பேசுவார்கள். பேசட்டும்.

எனக்குப் பதினோரு வயதில் நடந்ததைச் சொல்ல வந்தேன். தொண்ணூறுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அப்பா ஆழ்வார்குறிச்சியில் நெல் தரகர். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த காரை வாங்கி வந்தார். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன், வண்டியின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். சுற்று வட்டாரத்தில் ஏசி வைத்த கார் அது ஒன்றுதான். கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது.

அப்பாவுக்கு ஏசியும் வேண்டும், மைலேஜும் வேண்டும். இரண்டும் ஒன்றாக வராது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஏசியைப் போட்டால் வண்டி பெட்ரோலைக் குடித்தது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஏசியைப் போடாமலே எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிடுவது. ஊர் தாண்டியதும் இறக்கிக்கொள்வது. கண்ணாடி ஏறியிருந்தால் பார்க்கிறவன் ஏசி ஓடுகிறது என்றுதானே நினைப்பான்? கோயில் வாசல், கல்யாண வீட்டு வாசல் மாதிரி இடங்களில் மட்டும், கதவைத் திறப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நிஜமாகவே ஏசி ஓடும். கதவு திறந்ததும் வெளியே நிற்பவர் முகத்தில் குளிர் அடிக்க வேண்டும். அந்தத் திருகு முன் சீட்டில் உட்காரும் என் பொறுப்பில் இருந்தது. அப்பா கண்ணைக் காட்டினால் திருப்புவேன். மறுபடி காட்டினால் அணைப்பேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த எவனுக்கும் அப்படியோர் உத்தியோகம் இல்லை.

அந்தச் சித்திரையில் அத்தைக்கு வளைகாப்பு வந்தது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ராதாபுரம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அந்த ஆறு வருடமும் அவள் மாமியார் வாயில் என்னென்ன கேட்டாள் என்பது எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்படும். புகுந்த வீட்டில் வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு ஆக்கி, பிறகு பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாமாவும் கூடவே வந்து விட்டுவிட்டு மறுநாள் திரும்புவது முறை.

காலையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போனோம். ராதாபுரத்துக்குள் நுழையும்போது ஏற்றினோம். அத்தை வீட்டு வாசலில் நான் திருப்பிய குளிர் நன்றாக வேலை செய்தது. அத்தையின் மாமியார் காருக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “ஏ எம்மா, ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்டாப்ல இருக்கு!” என்றாள். அந்த அம்மாள் வாயிலிருந்து எங்கள் வீட்டைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று அம்மா பிறகு சொன்னாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாமா வண்டியைச் சுற்றி வந்தார். அவர் பம்புசெட் மெக்கானிக். எஞ்சின் விஷயத்தில் அவர் காதை ஏமாற்ற முடியாது.

“மச்சான், லிட்டருக்கு என்ன கொடுக்குது?”

“பதினாலு.”

“ஏசி இல்லாமயா?”

“போட்டுத்தான் மாப்ள.”

மாமா சிரித்தார். “யாருட்ட விடுதீய? ஏசி போட்டா பதினொண்ணு தாண்டாது. எஞ்சினோட குடும்பம் நடத்துதவன்ட்ட வந்து சொல்லுதீயளே.”

பந்தலில் இருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், “தரகர் வாக்குல்லா, எடையில கொஞ்சம் கூடக்கொறய இருக்கத்தான் செய்யும்” என்று எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

“காலையில காலி டாங்குல பதினாலு லிட்டர் ஊத்திட்டு வந்தேன் மாப்ள. அதுலயே திரும்ப ஊர் போய்ச் சேருதேன், ஏசி போட்டுக்கிட்டே. நீங்க மோட்டார் சைக்கிள்ல பின்னாலயே வாங்க. எங்கயாவது பெட்ரோல் பங்குல நின்னேன்னா இந்த மீசைய எடுத்துருதேன்.”

நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டபோது உச்சி வெயில். அத்தைக்குப் பட்டுச் சேலை, சடை முழுக்கத் தைத்த பூ, முழங்கை வரை கண்ணாடி வளையல். மாமியார் காரின் அருகில் வந்து, “வழியில எங்கயும் இறங்கப்படாது, கேட்டியளா. வளையல் போட்டவ நடுவழியில கால ஊனப்படாது. வீடு போய்த்தான் இறங்கணும்” என்றாள். அப்பா தலையாட்டினார். தெரு முனை திரும்பியதும் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் ஏசியை அணைத்தேன்.

ஊர் தாண்டியதும் அம்மா வழக்கம்போல் கண்ணாடியை இறக்கினாள்.

“ஏளா, ஏத்து. மாப்ள பின்னால வாராக.”

“வெக்கை ஆள அவிக்குது. பிள்ளத்தாச்சி இருக்கா.”

“அவுக நம்மளத் தாண்டிப் போகட்டும். இறக்கிக்கலாம்.”

மாமா தாண்டவே இல்லை. ஐம்பது கஜம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அப்பா வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். வள்ளியூர் வந்தது, போனது. ஏசி இல்லாமல் உள்ளே காற்று வீசும் வெறும் காற்றாடியைப் போட்டுப் பார்த்தார் அப்பா. எஞ்சின் சூடுதான் முகத்தில் அடித்தது, அதையும் அணைக்கச் சொன்னார். ரெக்சின் சீட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மல்லிகைப் பூவும் வியர்வையும் சேர்ந்த வாடையில் எனக்குக் குமட்டியது. ஆனாலும் நான் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். பந்தயத்தில் எனக்கும் பங்கு உண்டல்லவா?

களக்காட்டை நெருங்கும்போது அத்தை பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

“ஏலே, கைய இங்கன கொண்டா.”

என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளிருந்து ஒரு முட்டு. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“பாத்தியா? ஒம் பொண்டாட்டி உதைக்கா. இப்பவே இந்தப் பாடு படுத்துதா. கட்டிக்கிட்டுப் போனா ஒன் கதி என்னல?”

அம்மாகூடச் சிரித்தாள். அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே ஓட்டினார்.

களக்காடு தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அத்தையின் குரல் மெலிந்துவிட்டது. “தம்பி, அதக் கொஞ்சம் திருப்பேன்ல. ரெண்டே நிமிசம்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். “இன்னா வந்துட்டு சேரன்மகாதேவி. கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி” என்றார்.

நான் பின்னால் திரும்பி, “பெட்ரோல் குடிக்கும் அத்தை” என்றேன். என் வாயால் சொன்னேன்.

“சரி மொதலாளி” என்றாள் அத்தை. சிரிக்கப் பார்த்தாள்.

அவள் நினைத்திருந்தால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கியிருக்கலாம். கைப்பிடி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அம்மா ஒரு தரம் அதில் கை வைத்தபோதும் அத்தைதான் தடுத்தாள். “வேண்டாம் மைனி. அண்ணன் தோத்துட்டா அங்க எனக்குத்தான் பேச்சு வரும்.”

சேரன்மகாதேவியில் சாலையோரம் பெட்ரோல் பங்க் வந்தது. “நிறுத்துங்க, ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடுப்போம்” என்றாள் அம்மா. பங்கில் நிற்பதாவது! அப்பா காது கேளாதவர் மாதிரி ஓட்டினார். பின்னால் மாமா இரண்டு தரம் ஹாரன் அடித்தார், கேலியாகத்தான்.

வீரவநல்லூர் தாண்டும்போது வண்டிக்குள் ஏதோ குறைந்தது போல் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, வண்டி குலுங்கும்போதெல்லாம் கேட்ட வளையல் சத்தம் நின்றுவிட்டது. அத்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நல்லது, இனிக் கேட்க மாட்டாள் என்றும் நினைத்தேன்.

கல்லிடைக்குறிச்சியில் அம்மா போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

“ஏங்க! இவ கண்ணத் தொறக்க மாட்டேங்கா! உடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது!”

“போடுல! ஏசியப் போடுல!” என்று அப்பா கத்தினார். நான் திருகை முழுக்கத் திருப்பினேன். அம்மா எல்லாக் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றுப்பாலத்தின் மேல் ஏசியும் ஓடக் கண்ணாடியும் திறந்திருக்க வண்டி பறந்தது. கீழே தாமிரபரணியில் ஆட்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரி. அத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈரத்துணி சுற்றினார்கள், பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை கண் விழித்தாள் என்று சொன்னதும் எல்லாரும் உள்ளே போனோம். என்னை யாரும் தடுக்கவில்லை. டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு குழலைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“பிள்ளைக்குத் துடிப்பு கேக்கலையே. எப்ப இருந்தும்மா அசைவு இல்ல?”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் சட்டை குளத்தில் முக்கி எடுத்தது போல் நனைந்திருந்தது.

“மச்சான், சட்டையென்ன இப்படி நனஞ்சிருக்கு? உள்ள ஏசி ஓடிச்சில்லா?”

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அத்தை தலையைத் திருப்பித் தன் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“காலையில இருந்தே அசைவு இல்ல டாக்டர்” என்றாள். பிறகு மாமாவிடம், “வண்டியில குளிராத்தான் இருந்திச்சு. அண்ணன் என்னையத் தூக்கிக்கிட்டு வெரசா ஓடியாந்ததுல வேர்த்திருக்கு. அசைவு இல்லன்னு சொன்னா விசேசம் நின்னுரும்னு நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்” என்றாள்.

களக்காட்டில் என் கையில் முட்டியதே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. வலித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. வெக்கையால்தான் என்று எந்த டாக்டரும் என்னிடம் அறுதியாகச் சொன்னதில்லை, நானும் பல பேரிடம் கேட்டுவிட்டேன். வேறு ஏதாவது இருந்திருக்கலாம் என்கிறார்கள். இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் செய்த காரியம், ரப்பர் குழாயை விட்டு டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு வாளியில் இறக்கியதுதான். மூன்று லிட்டருக்கு மேல் இருந்தது. திரும்பும் வழி முழுக்க ஏசியைப் போட்டு வந்திருந்தாலும் வீடு சேர்ந்திருப்போம். அப்பா வாளியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது ஆவியாகிக் குறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அத்தை உடம்பு தேறிப் பின்கட்டில் படுத்திருந்தாள். மாமா இரண்டு தரம் வந்தார், பிறகு வரவில்லை. ராதாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து முற்றத்தில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். அசையாத பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஐந்து வகைச் சோற்றுக்கு உட்கார்ந்தவளை இனி எந்த முகத்தோடு வீட்டில் சேர்ப்பது என்று மாமியார் கேட்கிறாளாம். அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் எழுந்து நின்றார், அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து, “அண்ணே, நீ உக்காரு” என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் போன பிறகு அம்மா அழுதாள். எனக்கு அந்த அழுகை விளங்கவில்லை. ஆறு வருடமாக லீவுக்கு மட்டும் வந்துபோன அத்தை, என்னோடு தாயம் ஆடுகிற அத்தை, இனிமேல் திரும்பிப் போக வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், எங்கள் அத்தை இனி எங்கள் வீட்டிலேயேதான் இருப்பாள் என்று தெருக்கோடி வரை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.